மறு: மெயின்லைன் கெர்னலுக்கும் மாற்றிய கெர்னலுக்கும் தமிழில் என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். கருனி (கெர்னல்) என்பது வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும் இயக்குதளத்தின் மையநிரல். லினக்ஸின் மூலக் கருனிதான் மெயின்லைன். அதில் பிறர் திருத்தம் சேர்த்ததை ‘மாற்றிய கருனி’ என்றே சொல்லலாமே என்று அக்கா கேட்டிருந்தார்.

> ‘மாற்றிய கருனி’ போதாதா? புதுச்சொல் எதற்கு?

போதாது அக்கா. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிடும் மெயின்லைனை உபுண்டு போன்ற வழங்கலும் (நிறுவத் தயாராகத் தரும் லினக்ஸ் தொகுப்பு) அப்படியே தருவதில்லை. தன் திருத்தங்களைச் சேர்த்துத்தான் தருகிறது. அப்படியானால் அதுவும் மாற்றிய கருனிதானே? போன வாரம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் கைமாறி வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் மடிக்கணினியோடு வந்தார். லினக்ஸ் ஏறிவிட்டது, தொடுதிரை வேலை செய்யவில்லை. அந்தக் கணினிகளுக்கென்றே மாற்றிய ‘லினக்ஸ்-சர்ஃபேஸ்’ திட்டத்தின் கருனியைப் போடலாமா என்று கேட்டார். விளக்க உட்கார்ந்தால் பத்து நிமிடமும் ஆங்கிலச் சொல்லாகவே வருகிறது.

என் பரிந்துரை: மெயின்லைனுக்குத் தாய்க்கருனி, மற்றதற்கு ஒட்டுக்கருனி.

என் அப்பா ரப்பர் நாற்றங்காலில் ஒட்டுக் கட்டியவர். அடிக்கன்றின் பட்டையைக் கீறித் திறந்து, நல்ல மரத்தின் மொட்டுள்ள பட்டைத் துண்டை உள்ளே வைத்துக் கட்டுவார். ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரப்பர் வகை இப்படித்தான் தோட்டம் தோட்டமாகப் பரவியது. கிழிந்த சட்டைக்குப் போடுவதும் ஒட்டுதான். பேட்ச் (நிரலில் சேர்க்கும் திருத்தம்) என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் பார்க்கவில்லை. (யாரோ அப்ஸ்ட்ரீமை, அதாவது நிரல் புறப்படும் மூலத் திட்டத்தை, ‘மேலோட்டம்’ என்று எழுதியிருந்தார்கள். மேலோட்டமாக யோசித்திருக்கிறார்கள்!)

> ஒட்டுப் பிடித்ததும் அடிக்கன்றின் தலையை வெட்டிவிடுவார்கள். பிறகு வளர்வது மொட்டின் மரம். இங்கே தாய் அப்படியே இருக்கிறதே? ‘கிளைக்கருனி’ என்றால் என்ன?

ஈப்போ அண்ணே, உவமை அங்கே நொண்டுவது உண்மை. ஆனால் ‘கிளை’ இன்னும் மோசம். கிளை தன் போக்கில் வளரும். ஸென், சன்மாட், லிக்கரிக்ஸ் என்ற மாற்றிய கருனிகள் எல்லாம் அப்படியா? தாய்க்கருனி ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிதாக வருகிறது. ஒவ்வொரு முறையும் அதன்மேல் ஒட்டை மறுபடி பொருத்த வேண்டும். பொருத்துகிறவர் கைவிட்டால் நாம் பழைய கருனியோடு நிற்போம். அந்த உழைப்பு ‘ஒட்டு’ என்ற சொல்லில் தெரிகிறது, ‘கிளை’யில் தெரியாது.

இன்னொன்று, ஒட்டு என்பது பிறவிக் குணமல்ல. நிகழ்நேர இயக்கத்துக்கான (குறித்த நேரத்துக்குள் கணினி பதில் தருவதற்கான) ‘பிரீஎம்ட்-ஆர்டி’ திருத்தங்கள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வெளியே ஒட்டாகவே இருந்தன. 2024-இல் 6.12 பதிப்பில் தாய்க்குள் சேர்ந்துவிட்டன. இப்போது அவற்றை யாரும் ஒட்டு என்று சொல்லமாட்டார்கள்.

தம்பியிடம் சொன்னது இதுதான்: வன்பொருள் எல்லாம் வேலை செய்தால் வழங்கலோடு வந்த கருனியைத் தொடாதே, வேகத்துக்காக ஒட்டு தேடி அலையாதே. உனக்கோ திரையே வேலை செய்யவில்லை, அதனால் ஒட்டுக்கருனி நியாயம். செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாத கருனியை ஏற்றவிடாத பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால் ஒட்டுக்கருனியின் சாவியை நீயே பதிய வேண்டும். பழைய கருனியை அழித்துவிடாதே. புதியது எழும்பாவிட்டால் அதில் நுழையலாம். தம்பி எல்லாவற்றையும் தமிழிலேயே குறித்துக்கொண்டார்.

உபுண்டு வகைக்கு ‘வழங்கல் கருனி’ என்று தனிச்சொல் வைப்போம். அதிலும் ஒட்டு உண்டு என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், அக்கா.

பி.கு.: தட்டச்சில் ‘ஓட்டுக்கருனி’ ஆக்கிவிடாதீர்கள். தேர்தல் கணினி என்று நினைத்துக்கொள்வார்கள்.