ரீஜென்சி காதல் நாவல்கள்: வாயும் துணிச்சலும் உள்ள கதாநாயகிகள், பழைய பாணிப் புத்தகங்கள் சொல்லுங்களேன்

வளவுவீட்டுக்காரி எழுதியது:

பள்ளத்தூரில் எங்கள் ஆயா வீட்டைப் போன மாதம் ஒதுங்க வைத்தோம். இரண்டாங்கட்டில் ஒரு தகரப்பெட்டி, மேலே வெண்கலச் சாமான், அடியில் பழைய கண்டாங்கியில் சுற்றி ஏழு இங்கிலீஷ் நாவல்கள். என் சின்னாத்தா மதுரையில் கல்லூரியில் படித்த காலத்தில் வாங்கியவையாம். ஒன்றுக்கு முன்னட்டையே இல்லை, அதை எடுத்துக்கொண்டு பட்டாலையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தவள்தான், விளக்கு வைக்கிற நேரம் வரை எழுந்திருக்கவில்லை.

ஜார்ஜெட் ஹேயர் எழுதிய ‘ஃப்ரெடரிக்கா’. 1965-ல் வந்தது. அப்பா அம்மா இல்லை, பெண்ணுக்கு 24 வயது, தம்பி தங்கைகளை அவள்தான் ஆளாக்க வேண்டும். தூரத்து உறவில் ஒரு பெரிய பிரபு இருக்கிறார், அவரிடம் போய் என் தங்கையை லண்டனில் நாலு பேர் முன்னால் கொண்டுவர உதவுங்கள் என்று நேராகக் கேட்கிறாள். கெஞ்சலே கிடையாது. அப்புறம் ஒரு நாள் அவர்கள் வீட்டு நாய் பூங்காவில் மேய்கிற மாடுகளை விரட்டிவிடுகிறது, காவல்காரர்களும் மாட்டுக்காரனும் கொதித்துப்போய் வருகிறார்கள். அந்த நாட்டு நாயை பிரபுவுக்குச் சொந்தமான அபூர்வமான பலுசிஸ்தான் வேட்டைநாய் என்று சொல்லிக் காப்பாற்றுகிறார்கள். நான் சிரித்த சத்தத்துக்கு ஆத்தா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

இப்போது இதே மாதிரி இன்னும் வேண்டும். படுக்கையறைக் காட்சிகள் இல்லாத பழைய பாணி. கதாநாயகி உண்மையிலேயே கெட்டிக்காரியாக இருக்க வேண்டும். புதிதாக வருகிற சிலவற்றில் ‘துணிச்சல்காரி’ என்று பின்னட்டையில் போட்டிருக்கிறது, உள்ளே போனால் அவள் கதாநாயகனிடம் கத்துகிறாள், காலை உதைக்கிறாள், கடைசியில் அவன்தான் வந்து தூக்கிக்கொண்டு போகிறான். எனக்கு அது துணிச்சலாகப் படவில்லை. ஃப்ரெடரிக்கா ஒரு இடத்தில்கூடக் கத்துவதில்லை, ஆனால் வீட்டில் எல்லாமே அவள் சொல்படிதான் நடக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். இந்த நாவல்களில் வருகிறவர்கள் ஏன் யாரைப் பார்த்தாலும் வருஷத்துக்கு எத்தனை ஆயிரம் வருமானம் என்றே பேசுகிறார்கள்? ஓடிப்போகிறவர்கள் எல்லாம் ஏன் ஸ்காட்லாந்துக்கே ஓடுகிறார்கள்?

கண்டாங்கிச்சேலை எழுதியது:

தங்கச்சி, உங்கள் சின்னாத்தாவின் ரசனைக்கு ஒரு கும்பிடு. மற்ற ஆறு என்னென்ன என்று எழுதுங்கள், ஆவலாக இருக்கிறது.

ரீஜென்சி என்பது கணக்குப்படி இங்கிலாந்தில் 1811 முதல் 1820 வரைதான். மூன்றாம் ஜார்ஜ் ராஜாவுக்குச் சித்தம் கலங்கியதால் மகன் அவர் இடத்தில் இருந்து ஆண்ட ஒன்பது வருஷம். ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் வெளியானதும் 1811-லிருந்து 1817-க்குள். ஆஸ்டின் தன் காலத்தைத் தன் கண்ணால் பார்த்து எழுதினார். ஹேயர் பிறந்ததே 1902-ல், அவர் நூறு வருஷம் தள்ளி நின்று, வண்டிச் சக்கரம் முதல் கழுத்துத்துணி முடிச்சு வரை தேடிப் படித்து எழுதினார். 1935-ல் முதல் ரீஜென்சி நாவலை எழுதினார், இன்று இந்த வகையில் வருகிற எல்லாமே அவர் போட்ட பாதைதான். அமெரிக்காவில் இதே பாணியில் மாதாமாதம் மெல்லிய பேப்பர்பேக்குகள் வந்துகொண்டிருந்தன, 2000-களின் நடுவில் அந்த வரிசைகள் நின்றுவிட்டன. அவற்றில் கார்லா கெல்லி என்ற பெயரைப் பார்த்தால் விடாதீர்கள், அவர் கதைகளில் பிரபுக்களைவிடப் பட்டாளத்துக்காரர்களும் கையில் காசில்லாத பெண்களும்தான் அதிகம்.

அடுத்து நீங்கள் படிக்க வேண்டியது ‘அரபெல்லா’, 1949. யார்க்‌ஷயரில் ஒரு பாதிரியார் வீட்டுப் பெண், எட்டுப் பிள்ளைகள், பணம் கிடையாது. லண்டனுக்கு ஞானத்தாய் வீட்டுக்குப் போகிறாள். ஒருவன் தன்னைப் பணத்துக்காக வலை வீசுகிறவள் என்று பேசுவது காதில் விழுந்ததும், ரோஷத்தில் தன்னை ஒரு பெரிய சொத்துக்காரி என்று சொல்லிவிடுகிறாள். அந்தப் பொய்யின் கதைதான் நாவல். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு இடம். ஒரு நாள் காலையில் அவள் அறைப் புகைபோக்கி வழியாக ஒரு சின்னப் பையன் விழுகிறான். புகைக்கூண்டுக்குள் ஏறிக் கரி சுரண்ட அந்தக் காலத்தில் குழந்தைகளைத்தான் விடுவார்கள், பயந்து நின்றால் கீழே நெருப்பு மூட்டி மேலே ஏற்றுவார்கள். உடம்பெல்லாம் கரியும் காயமுமாக நிற்கிற அந்தப் பிள்ளையை, இவள் அவனுடைய முதலாளியிடம் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். ஞானத்தாய் பதறுகிறார், அன்றைக்கு அப்படிப் பேசிய பணக்காரர் அவளைப் பார்க்க வந்து வாயடைத்து நிற்கிறார், அவரிடமே ‘நீங்கள் இவனை வைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒப்படைக்கிறாள். அதுவரை வேடிக்கைக்காக அவளோடு பழகிய மனிதர், அந்த நிமிஷத்தில் உண்மையாகவே விழுந்துவிடுகிறார். நான் பதினைந்து வருஷத்தில் ஐந்து தடவையாவது படித்திருப்பேன்.

அப்புறம் ‘கோட்டிலியன்’, 1953. இது நம் ஊர்க்காரர்களுக்கென்றே எழுதினது மாதிரி. கஞ்சக் கிழவர் ஒருவர் கிட்டி என்ற பெண்ணை எடுத்து வளர்க்கிறார். தன் உடன்பிறந்தார் வழிப் பேரன்களில் ஒருவனைக் கட்டினால் சொத்து பூராவும் அவளுக்கு, இல்லையென்றால் ஒன்றும் கிடையாது என்கிறார். முறை மாப்பிள்ளைகள் வரிசையாக வந்து உட்கார்கிறார்கள்! அவள் அதில் ஒருவனைப் பிடித்து, சும்மா நிச்சயம் ஆனதாக நடி, நான் லண்டனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறாள். அந்தப் பையன் ஃப்ரெடி அழகன் இல்லை, வாள் வீசத் தெரியாது, சட்டை நன்றாகத் தைத்திருக்கிறதா என்று சொல்லத் தெரியும், யார் மனசும் நோகாமல் நடக்கத் தெரியும். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

சிட்டைக்கணக்கு எழுதியது:

ஸ்காட்லாந்துச் சந்தேகத்துக்கு: 1753-ல் இங்கிலாந்தில் ஒரு திருமணச் சட்டம் கொண்டுவந்தார்கள். 21 வயது ஆகாதவர்கள் லைசென்ஸ் வாங்கிக் கல்யாணம் செய்ய வேண்டுமானால் பெற்றவர் சம்மதம் கட்டாயம். ஸ்காட்லாந்துக்கு அந்தச் சட்டம் செல்லாது. எல்லையைத் தாண்டினதும் வருகிற ஊர் கிரெட்னா கிரீன், அதனால் ஓடுகிற வண்டியெல்லாம் அங்கேதான் போய் நின்றது.

பணப்பேச்சுக்கு வருகிறேன். அங்கே ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆன நிமிஷம் அவள் கையிருப்பு, அவள் சம்பாதிக்கிற காசு எல்லாம் சட்டப்படி புருஷனுடையது. கல்யாணத்துக்கு முன்னாலேயே வக்கீல் வைத்துப் பத்திரம் எழுதி, இது அவள் பங்கு, இது விதவையானால் அவளுக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டிவைத்தால்தான் தப்பும். இந்த நிலைமை 1870-லும் 1882-லும் வந்த சட்டங்களுக்கு அப்புறம்தான் மாறியது. ஆகவே அவர்கள் வருஷ வருமானம் பேசுவதை நான் பேராசை என்று சொல்ல மாட்டேன். ஆண் வாரிசுக்குத்தான் வீடு நிலம் போகும் என்று எழுதிவைத்த வீட்டில் ஐந்து பெண்கள் இருந்தால் தாய் வேறு எதைப் பேசுவாள்?

ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலில் ஒரு இடம் எனக்கு மறக்காது. காலின்ஸ் என்கிற பாதிரியார் எலிசபெத்தைப் பெண் கேட்கும்போதே, உனக்குச் சேரப்போவது நாலு சதவீத வட்டிப் பத்திரத்தில் ஆயிரம் பவுன், அதுவும் உன் அம்மா காலத்துக்குப் பிறகுதான், அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன் என்கிறான். கணக்குப் போடுங்கள், வருஷத்துக்கு நாற்பது பவுன் (தங்கப் பவுன் இல்லை, அவர்கள் நாட்டுப் பவுண்டுப் பணம்). அதை வைத்துக்கொண்டு அவள் அவனை வேண்டாம் என்கிறாள். பிறகு பத்தாயிரம் வருமானக்காரன் டார்சி ஏளனமாகப் பேசிக்கொண்டே கேட்டபோது அவனையும் வேண்டாம் என்கிறாள். அந்த நாற்பது பவுன் தெரிந்தால்தான் அந்த இரண்டு ‘வேண்டாம்’களின் எடை தெரியும்.

எங்கள் அப்பத்தாவின் கல்யாணச் சிட்டை இன்னும் வீட்டில் இருக்கிறது. வைரத்தோட்டிலிருந்து அகப்பை, பணியாரக்கல் வரை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள், மசி மங்கிப்போய்ப் பழுப்பாக. அவருக்கென்று கொடுத்த பணம் தனியாக வட்டிக்குப் போடப்பட்டு, அவர் பேரிலேயே பற்று வரவு நடந்தது. அப்பச்சியே கேட்டாலும் கணக்கு எழுதிக்கொண்டுதான் கொடுப்பாராம். அதனால் எங்கள் வீட்டில் இந்த நாவல்களைப் படிக்கிறவர்களுக்கு ஐந்நூறு பவுனா ஆயிரம் பவுனா என்கிற பேச்சு அந்நியமாக இருந்ததே இல்லை.

தேவகோட்டைவாசி எழுதியது:

யாரும் இன்னும் ‘தி கிராண்ட் சோஃபி’ சொல்லவில்லை. துணிச்சலான கதாநாயகி என்றால் இணையத்தில் எல்லோரும் முதலில் சொல்வது 1950-ல் வந்த அந்தப் புத்தகத்தைத்தான். சோஃபி நல்ல பாத்திரம், மறுக்கவில்லை. அத்தை வீட்டுக்கு வந்து இறங்கி, அந்த வீட்டின் முடிச்சையெல்லாம் அவிழ்க்கிற பெண்.

ஆனால் அதில் ஒரு அத்தியாயம் இருக்கிறது, தெரியாமல் போய் மாட்டக் கூடாது என்பதால் எழுதுகிறேன். அத்தை மகன் வட்டிக்கடைக்காரனிடம் ஐந்நூறு பவுன் வாங்கி ஒரு மோதிரத்தை அடகு வைத்திருக்கிறான். சோஃபி தனியாக, துப்பாக்கியோடு போய் அதை மீட்டு வருகிறாள். அந்தக் கடைக்காரர் ஒரு யூதர். அழுக்கு, பிசுக்கு, மூக்கு, பல்லிளிப்பு என்று ஹேயர் அவரை வர்ணிக்கிற விதம் அந்த இனத்தையே இழிவுபடுத்துகிறது. உலகப்போர் முடிந்து ஐந்தே வருஷத்தில் எழுதியது இது.

எங்கள் ஐயா பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தவர். 1930-களில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனதில், கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 6 சதவீதமாக இருந்த நிலம் 1938-க்குள் 25 சதவீதம் ஆகிவிட்டது. நிலம் இழந்தவனுடைய கோபம் நியாயமானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் அங்கே செட்டியார் என்றாலே வட்டிப்பேய் என்று ஆகிப்போனது. அதைக் கேட்டு வளர்ந்தவன் அந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது சோஃபியோடு கூட அறைக்குள் நுழைய முடியவில்லை, மேஜைக்கு அந்தப் பக்கம்தான் என்னால் உட்கார முடிந்தது. புத்தகத்தை அங்கேயே மூடிவைத்தேன். ஒரு வருஷம் கழித்துத்தான் மீதியை முடித்தேன்.

கண்டாங்கிச்சேலை எழுதியது:

அண்ணே, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எனக்கு அது தெரியும், அதனால்தான் பட்டியலில் சேர்க்கவில்லை, ஆனால் காரணத்தையும் நானே சொல்லியிருக்க வேண்டும்.

முற்றத்துவெயில் எழுதியது:

ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன். இந்தப் பெண்கள் உடுத்துகிற மஸ்லினும் போர்த்துகிற சால்வையும் முதலில் நம் நாட்டிலிருந்து அங்கே போனவை. ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’கில் ஒரு சீமாட்டி, பையன் கிழக்கிந்தியாவுக்குப் போனால் எனக்கு ஒரு சால்வை, இல்லை இரண்டு வாங்கி வரட்டும் என்று சொல்கிறாள். 1814 நாவல். திருப்பத்தூரில் மருது சகோதரர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தூக்கிலிட்டு அப்போது பதின்மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த வரியைப் படித்தபோது நான் பஸ்ஸில் திருப்பத்தூரைத் தாண்டிக்கொண்டிருந்தேன். படிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, நானே விடாமல் படிக்கிறவள்தான்.

வளவுவீட்டுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் மனசார நன்றி. பெட்டியில் மீதி ஆறில் ‘கோட்டிலியன்’ இருந்தது! மற்றவற்றில் இரண்டு துப்பறியும் கதை, இரண்டு வேறு யாரோ எழுதியவை, ஒன்று கரையான் அரித்துப் பெயரே தெரியவில்லை.

‘கோட்டிலியன்’ முடித்துவிட்டேன். ஃப்ரெடியைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டதற்கு நன்றி, ஆச்சி. சின்னாத்தா அதில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார், எந்த இடம் என்று சொன்னால் கதை தெரிந்துவிடும். சின்னாத்தா போய் பதினொரு வருஷம் ஆகிறது. அவர் இதையெல்லாம் படித்தார் என்றே எங்கள் யாருக்கும் தெரியாது.

சிட்டைக்கணக்கு ஐயா எழுதிய நாற்பது பவுன் கணக்கை ஆத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னபோது அவள் அம்மா என்ன செய்தாள் என்று கேட்டார். இப்போது தினமும் சாயங்காலம் ஒரு அத்தியாயம் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன். ‘அரபெல்லா’ காரைக்குடி பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், அட்டை போட்டுத் திருப்பித் தருவேன்.