கேதரின் பூத் உத்தரவு கேட்டாரா?

வடசேரி வாசகி எழுதியது:
இரட்சணிய சேனை (Salvation Army) என்ற கிறிஸ்தவ இயக்கத்தைக் கணவர் வில்லியமோடு நிறுவிய கேதரின் பூத்தைப் பற்றி நேற்று வேறோர் இழையில் நெல்லைப் பழையவர் ஐயா போகிறபோக்கில் ஒரு வாக்கியத்தை உதிர்த்துச் சென்றிருக்கிறார்: "இரட்சணிய சேனையின் தாய் என்று புகழப்படும் கேதரின் பூத் எட்டுப் பிள்ளைகளை வளர்த்த நல்ல குடும்பத் தலைவி; ஆனால் அவரைச் சபை ஊழியர் என்பது மிகை, கணவரிடம் உத்தரவு கேட்டுத்தான் பிரசங்க பீடம் ஏறினார்." அந்த "உத்தரவு" இரவெல்லாம் என் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. 1860-ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரின் பெத்தேஸ்தா சிற்றாலயத்தில், கணவர் வில்லியம் பூத் பிரசங்கத்தை முடிக்கும் தருவாயில் அம்மையார் தம் இருக்கையை விட்டு எழுந்து முன்னே நடந்தார். என்னவோ ஏதோ என்று இறங்கி வந்த கணவரிடம், தாம் ஒரு வார்த்தை பேச விரும்புவதாகச் சொன்னார். அவர் திகைத்துப்போய்ச் சபைக்கு அதை அறிவித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். இதில் உத்தரவு எங்கே இருக்கிறது?

நெல்லைப் பழையவர் எழுதியது:
நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது, அம்மா. "பேச விரும்புகிறேன்" என்று யாரிடம் சொன்னார்? கணவரிடம். சபைக்கு அறிவித்தவர் யார்? கணவர். அவர் "போய் உட்கார்" என்று சொல்லியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். "சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள், பேசும்படிக்கு அவர்களுக்கு உத்தரவில்லை" என்று 1 கொரிந்தியர் 14:34 சொல்லும்போது, அந்த உத்தரவைக் கணவர் கொடுத்தார் என்பதே அம்மையாருக்குச் சாதகமான விளக்கம். நான் அவரைக் குறைத்துப் பேசவில்லை.

வடசேரி வாசகி எழுதியது:
குறைக்கவில்லையாம்! அண்ணாச்சி எடுத்துப்போட்ட அதே வசனத்துக்கு அம்மையார் 1859-லேயே பதில் எழுதி அச்சிட்டுவிட்டார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஃபீபி பாமர் என்ற பெண் பிரசங்கியாரைச் சண்டர்லாந்துப் போதகர் ஆர்தர் ரீஸ் தாக்கியபோது எழுந்த சிறுநூல் அது. அதே நிருபத்தின் 11:5-இல் பெண்கள் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனஞ்சொல்லுவதையும் அதை எழுதிய அப்போஸ்தலர் பவுல் இயல்பாக ஏற்றுப் பேசியிருக்க, மூன்று அதிகாரம் தள்ளி அவரே அவர்கள் வாயை முழுவதுமாக அடைத்திருக்க முடியுமா என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. பவுல் பெண்களின் வாயை முழுவதுமாக அடைக்கவில்லை என்று எழுதிய பெண், அடுத்த ஆண்டே புருஷனிடம் உத்தரவு கேட்டு நின்றார் என்கிறீர்கள். நம்பும்படியாக இருக்கிறதா?

கருங்கல் சகோதரன் எழுதியது:
வாசகி அக்கா சொல்வதே சரி. 1861-இல் லிவர்பூல் மாநாட்டில், வில்லியம் பூத்தை ஊர் ஊராகச் சென்று நற்செய்தி அறிவிக்க விடமாட்டோம் என்று அவர் போதகராக இருந்த மெதடிஸ்ட் நியூ கனெக்ஷன் திருச்சபையின் தலைவர்கள் முடிவெடுத்தபோது, மாடத்தில் அமர்ந்திருந்த அம்மையார் "ஒருக்காலும் இல்லை!" என்று முழங்கினார், இருவரும் அந்த நிமிடமே வெளியேறினார்கள். இவரா உத்தரவு கேட்பவர்?

தரங்கை மாணவர் எழுதியது:
மேடைகளில் சொல்ல நன்றாக இருக்கும் இந்தக் காட்சி பிற்காலத்தில் பூசப்பட்ட வண்ணம். வில்லியம் பூத் அந்த நிமிடம் வெளியேறவில்லை. நியூகாசில் வட்டாரப் பொறுப்பை அரைமனதோடு ஏற்று, சில வாரங்கள் கழித்து ஜூலையில்தான் விலகினார். அம்மையாரின் பெருமைக்கு இந்த முழக்கம் தேவையும் இல்லை.

வடசேரி வாசகி எழுதியது:
தரங்கை மாணவர் தம்பி, கிறிஸ்துமஸ் மர விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் என் பக்கம் நிற்பவரின் காலை வாரிவிட்டீர்கள், நான் மறக்கவில்லை. முழங்கினாரா இல்லையா என்பது இங்கே கேள்வி அன்று. உத்தரவு கேட்டாரா என்பதே கேள்வி. திருமணத்துக்கு முன்பே, 1855 ஏப்ரலில், ஆணுக்குப் பெண் அறிவிலும் ஆவிக்குரிய நிலையிலும் தாழ்ந்தவள் இல்லை என்று வில்லியமுக்கு அவர் நீண்ட கடிதம் எழுதினார். பிரசங்கிக்கும் பெண்ணைத் தாம் தடுக்கவும் மாட்டார், தொடங்கும்படி ஊக்கவும் மாட்டார் என்பது வில்லியம் எழுதிய பதிலின் சாரம். தடுக்கமாட்டேன் என்று ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே எழுதிக்கொடுத்தவரிடம் உத்தரவு கேட்க என்ன இருக்கிறது?

நெல்லைப் பழையவர் எழுதியது:
"ஊக்கமாட்டேன்" என்ற பாதியை மெதுவாகத் தாண்டிச் செல்கிறீர்கள். ஊக்காத கணவரிடம்தான் கேட்கவேண்டிய தேவை வரும், அதனால்தான் கேட்டார். மேலும், குருப்பட்டம் பெறாதவர் எப்படி ஊழியர் ஆவார்? 1883-இல் ஞானஸ்நானத்தையும் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தையும் கைவிட்டுவிட்ட சேனைக்கு ஊழியம் என்ற சொல்லின் கனம் தெரியாது என்பது வேறு.

கருங்கல் சகோதரன் எழுதியது:
திருவிருந்தை இதற்குள் இழுக்கவேண்டாம், ஐயா. குடியின் பிடியில் கிடந்து மீண்ட மனிதனின் உதட்டில் மறுபடியும் திராட்சரசத்தை வைக்கலாமா என்ற பயமும் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சேனைக்காரர்கள். திருவிருந்துப் பாத்திரம் இல்லாமலேயே பக்தியோடு இருந்தார்கள்.

வடசேரி வாசகி எழுதியது:
தம்பி, அவர் போட்ட தூண்டிலைக் கடிக்காதீர்கள். 1860-இல் அம்மையாருக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவர் பிராம்வெல்லுக்கு நான்கு வயது, கடைக்குட்டி எம்மாவுக்கு ஐந்து மாதம்கூட நிரம்பவில்லை. அந்த ஆண்டே கணவர் நோயுற்றபோது வட்டாரத்தின் பிரசங்கப் பொறுப்பையும் தாமே சுமந்தார். 1865-இல் குடும்பம் இலண்டனுக்குப் பெயர்ந்ததே ராதர்ஹித் பகுதியில் பிரசங்கிக்க அம்மையாருக்கு அழைப்பு வந்ததால்தான். அங்கே போனபின்புதான் வில்லியம் கிழக்கு இலண்டன் தெருக்களில், பின்னாளில் சேனையாக வளர்ந்த தம் பணியைக் கண்டடைந்தார். ஆக, யாருடைய உத்தரவில் யார் போனார்கள்?

நெல்லைப் பழையவர் எழுதியது:
அழைப்பு வேறு, உத்தரவு வேறு. குடும்பத் தலைவி என்று நான் கொடுத்த பாராட்டையும் திருப்பி வாங்கவேண்டியிருக்கும்போல் இருக்கிறது: 1896-இல் மகன் பாலிங்டன் சேனையை விட்டுப் பிரிந்தார், 1902-இல் மகன் ஹெர்பர்ட்டும் கேட் என்ற மகளும் பிரிந்தார்கள், 1929-இல் பிராம்வெல்லைச் சேனைத் தலைமையான தளபதிப் பொறுப்பிலிருந்து சேனையே இறக்கிவிட்டது.

வடசேரி வாசகி எழுதியது:
அம்மையார் புற்றுநோயால் இறந்தது 1890 அக்டோபர் 4. கல்லறையில் கிடப்பவர் மீது குடும்பச் சண்டையைச் சுமத்தும் கணக்கு உங்கள் ஊரில் மட்டும்தான் உண்டு. 1934-இல் மகள் இவாஞ்சலின் சேனையின் தளபதி ஆனதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். அந்த வீட்டு மாப்பிள்ளைகள் பூத்-டக்கர், பூத்-கிளிபார்ன் என்று மனைவி வீட்டுப் பெயரைத் தம் பெயருக்கு முன்னே சேர்த்துக்கொண்டதையும் விட்டுவிட்டீர்கள். நம் ஊரில் எந்த மாப்பிள்ளை அதற்குச் சம்மதிப்பார்?

தரங்கை மாணவர் எழுதியது:
பெயரைச் சேர்க்கச் சொன்னவர் மாமனார் வில்லியம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

வடசேரி வாசகி எழுதியது:
வந்துவிட்டார் திருத்துநர்! அம்மையார் இந்திய மண்ணை மிதித்ததே இல்லை. ஆனாலும் நாகர்கோவிலில் அவர் பெயரில் மருத்துவமனை நிற்கிறது. என் பாட்டி அங்கேதான் என் அம்மாவைப் பெற்றார். பெத்தேஸ்தாவில் அன்று காலை பேசியவரே மாலையிலும் பிரசங்கித்தார். நெல்லைப் பழையவர் ஐயா, மாலைப் பிரசங்கத்துக்கு உத்தரவு கேட்டது யார்?

நெல்லைப் பழையவர் எழுதியது:
மாலையில் அவர் பேசுவார் என்று காலையிலேயே சபைக்கு அறிவித்தவர் வில்லியம். அதற்குப் பெயர்தான் அம்மா, உத்தரவு.

வடசேரி வாசகி எழுதியது:
அதற்குப் பெயர் அறிவிப்பு. நாளை காலை விரிவாக எழுதுகிறேன்.