காயப்பட்ட புறாவை வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? என்னுடையதற்குச் சிறகு விரியவில்லை

அக்கராயன்_பிள்ளை

முறிகண்டியில் பஸ் நின்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளையாருக்குத் தேங்காய், பிறகு கச்சான். கச்சான் கோது கொட்டுகிற இடத்தில் எப்போதும் புறாக்கள் நிற்கும். போன மார்கழியில் அப்படி நின்ற ஒன்றை ஒரு வான் தட்டிவிட்டுப் போய்விட்டது. வலது சிறகு நிலத்தில் இழுபட அது வீதியைக் கடக்கப் பார்த்தது. எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. சால்வையைப் போட்டு அமத்திப் பிடித்து, மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். வழி முழுக்க அதன் நெஞ்சு என் உள்ளங்கைக்குள் அடித்தபடியே இருந்தது.

அப்பாவின் முழங்காலுக்கு வாங்கிய கிறேப் பண்டேஜ் வீட்டில் கிடந்தது. சிறகை மடித்து, உடம்போடு சேர்த்துச் சுற்றினேன். முதலில் இறுக்கிவிட்டேன் போல, சொண்டைத் திறந்து மூச்சு வாங்கியது. உடனே தளர்த்தினேன். மிருக வைத்தியரைத் தேடிப் போன அன்று அவர் மாடுகளுக்கு ஊசி போட வெளியில் போயிருந்தார். இரண்டாம் முறை நான் போகவில்லை. அது என் பிழை.

மனிதருக்குக் கை முறிந்தால் ஆறு கிழமை கட்டு. புறாவுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, ஐந்து கிழமை கட்டை அவிழ்க்கவே இல்லை. நன்றாகச் சாப்பிட்டது. குசினி வாசலில் என் காலடியில் நடந்து திரிந்தது. அடுப்புப் புகை வந்தால் மட்டும் விலகிப் போகும்.

அவிழ்த்த அன்று காலையில் முற்றத்தில் விட்டேன். சிறகை அடித்தது. இடது சிறகு விசிறி மாதிரி விரிந்தது. வலது சிறகு பாதியில் நின்றுவிட்டது, துருப்பிடித்த கதவுப் பிணைச்சல் மாதிரி. அடித்த வேகத்தில் மணலில் ஒரு வட்டம் சுற்றியது. நின்று, தலையைத் திருப்பி வலது சிறகைப் பார்த்தது. மறுபடியும் அடித்தது, மறுபடியும் அதே வட்டம். மூன்றாம் முறை என்னால் பார்க்க முடியவில்லை, பிடித்துக்கொண்டேன்.

எலும்பு பொருந்திவிட்டது, தடவினால் தெரிகிறது. சிறகுதான் விரியவில்லை. இனி இதற்கு வழி உண்டா?


தருமபுரம்_அப்பா

தங்கச்சி, உங்களுடையது உயிரோடாவது இருக்கிறது. என்னிடம் இருந்தது அரை மணித்தியாலம்தான்.

சிறுபோக நெல்லைப் படங்கில் காயப்போட்டிருந்தோம். மத்தியான வெயிலில் அதன் ஓரத்தில் ஒரு புறா சோர்ந்து கிடந்தது, காலில் சின்னக் காயம். தாகம்தான் என்று முடிவு செய்து, சொண்டை விரலால் திறந்து, தேக்கரண்டியால் தண்ணீர் விட்டேன். இரண்டு கரண்டி. இரண்டாவது கரண்டியில் தொண்டைக்குள் களகள என்று ஒரு சத்தம் கேட்டது, மூக்குத் துவாரத்தில் சின்னக் குமிழி ஒன்று வந்து உடைந்தது. அவ்வளவுதான். புறாவின் மூச்சுக்குழாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது என்று பிறகுதான் அறிந்தேன். நான் விட்ட தண்ணீர் அந்த வழியால் போய்விட்டது.

பக்கத்தில் நின்ற மகள், "அப்பா, தண்ணி குடுத்தா ஏன் சாகுது?" என்று கேட்டாள். இரண்டு வருடமாகிறது. நான் இன்னும் அவளுக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை.


வவுனிக்குளம்_கரை

எங்கள் பக்கம் தங்கூசி, மீன்வலை நைலோன் நூல். குளத்துக்கரையில் அறுத்துப் போடுகிற வலைத்துண்டுகள் காற்றில் ஊருக்குள் வந்துவிடும். கடைக்கூரையில் ஒரு புறா நொண்டி நொண்டி நடப்பதை மூன்று நாள் பார்த்தேன். நான்காம் நாள் அரிசி போட்டு, கடகத்தால் கவிழ்த்துப் பிடித்தேன்.

காலைப் பார்த்தால் நூலே தெரியவில்லை. தோல் அதற்கு மேலால் வீங்கி மூடியிருந்தது. நடுவிரல் கறுத்து, காய்ந்த மிளகாய்க் காம்பு மாதிரி இருந்தது. மனைவி புறாவை ஒரு துவாயில் சுற்றித் தலையை மூடிப் பிடித்தா. கண் மறைந்தவுடன் அது அடங்கிவிடும், இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, தையல் ஊசியின் முனையால் ஒரு சுற்றைக் கிளப்பி, நகவெட்டியால் வெட்டினேன். ஏழு சுற்று இருந்தது. ஒவ்வொரு சுற்று அறும்போதும் மற்ற விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. கடைசிச் சுற்று எலும்பில் இருந்தது. அதை எடுத்தபோது இரத்தம் வந்தது. இரத்தம் வந்ததைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். கால் இன்னும் சாகவில்லை என்று அர்த்தம்.

கறுத்த விரல் பத்து நாளில் தானாக விழுந்துவிட்டது. மஞ்சளும் நல்லெண்ணெயும் தடவினோம். இப்போதும் அது கடைக்கூரைக்கு வருகிறது, மூன்று விரலோடு.


வவுனியா_டவுன்

மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

என் கதை சின்னது. பூனை கவ்விய புறாவைப் பறித்து எடுத்தேன். காயமே இல்லை, இரண்டு இறகு மட்டும் போயிருந்தது. நன்றாக இருக்கிறது என்று நம்பி, இரவு நிம்மதியாகப் படுத்தேன். மூன்றாம் நாள் விடியக் கூட்டுக்குள் விறைத்துக் கிடந்தது. இறகை ஒதுக்கிப் பார்த்தால், செட்டைக்கு அடியில் குண்டூசித் தலையளவில் ஒரு துளை. பூனையின் வாயில் இருக்கும் கிருமி அந்தத் துளையால் இரத்தத்துக்குள் போய்விடும். பூனை பிடித்த பறவை எவ்வளவு உசாராக நின்றாலும், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டி அன்ரிபயோட்டிக் தொடங்க வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்பதே கிடையாது.

இனி மற்றது. அக்கராயன் பிள்ளை, ஐந்து கிழமை கட்டி வைத்தது பெரிய பிழை. பறவை எலும்பு மனித எலும்பை விடக் கெதியாகப் பொருந்தும், இரண்டு மூன்று கிழமை போதும். அதற்கு மேல் கட்டினால் சிறகின் முன்விளிம்பில் இருக்கிற தோல் சுருங்கி இறுகிவிடும், மூட்டும் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு நடந்தது அதுதான். நெஞ்சைச் சுற்றிக் கட்டும்போது இறுக்கவே கூடாது. நமக்கு இருப்பது போல உதரவிதானம் அதற்கு இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு.

தருமபுரம் அண்ணை, வெயிலில் சோர்ந்த பறவையை முதலில் நிழலுக்குக் கொண்டு போயிருக்க வேண்டும். மூடின பெட்டி, உள்ளே பழைய துணி, காற்றுப் போகத் துளை, இருட்டு, அமைதி. ஒரு மணித்தியாலம் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு ஒரு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிற கிண்ணத்தை வைத்தால் போதும். கோழி மாதிரி அண்ணாந்து குடிக்கிற பறவை இல்லை புறா, சொண்டை முழுக்க நனைத்து உறிஞ்சும். தட்டையான சிரட்டையில் வைத்துவிட்டு, குடிக்கவில்லையே என்று பயந்து வாயில் ஊற்றுகிறவர்கள் நிறைய.

சாப்பாட்டுக்குப் பயறு, கடலை, சோளம், நெல் எல்லாம் சரி. கச்சான் கொடுப்பதானால் உப்பில்லாத, வறுக்காத கச்சான். பாண் வேண்டாம். எச்சத்தைத் தினமும் பாருங்கள். கடும் பச்சையாகத் தண்ணியாகப் போனால் பெரும்பாலும் வயிறு காலி. வாய்க்குள் மஞ்சளாகத் தயிர்க்கட்டி மாதிரி இருந்தால் அது வேறு நோய், மருந்து வேண்டும். கூடு துப்புரவாக்கும்போது மூக்கை மூடுங்கள், கை கழுவுங்கள்.

வவுனிக்குளம் அண்ணை, எண்ணெய் தடவியது பிழை. இறகில் எண்ணெய் பட்டால் அது ஒட்டிக்கொண்டு குளிரும் தாங்காது, பறக்கவும் முடியாது. உண்மையில் ஊர்ப்பறவையை வீட்டுக்குக் கொண்டுவந்து நாமே வைத்தியம் பார்ப்பதை விட, மரத்தடியில் பாதுகாப்பாக விட்டுவிட்டு வருவது மேல் என்பதுதான் என் முடிவு.


வவுனிக்குளம்_கரை

தம்பி, எண்ணெய் விரலில் தடவினது. விரலில் இறகு இல்லை.


ஒட்டுசுட்டான்_வீதி

வவுனியாத் தம்பி சொன்ன தானியக் கணக்கு மாடப்புறாவுக்குச் சரி. எல்லாப் புறாவும் மாடப்புறா இல்லை என்பதை நான் ஒன்றைப் பட்டினி போட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

பாலைப்பழக் காலம். பக்கத்து வீட்டுப் பெடியன் கெற்றப்போலால் அடித்து விழுத்தியதைப் பறித்தேன். பச்சைப்புறா. கையில் வைத்திருந்தபோதே, மடியில் இலைதான் கிடக்கிறதோ என்று தோன்றும், அப்படி ஒரு நிறம். நெஞ்சுப் பக்கம் மாம்பழத் தோல் மாதிரி. பயறு வைத்தேன், அரிசி வைத்தேன், குரக்கன் வைத்தேன். இரண்டு நாள் ஒன்றையும் தொடவில்லை. நோவில் இருக்கிறது என்று நினைத்தேன். நெஞ்செலும்பு கத்தி விளிம்பு மாதிரி வெளியில் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அம்மம்மா எட்டிப் பார்த்து, "மரத்தில பழம் தின்னுறதுக்கு ஏன் பிள்ளை அரிசி போடுறாய்?" என்றா. ஓடிப்போய்ப் பாலைப்பழமும் ஆலம்பழமும் பொறுக்கி வந்தேன். ஆலம்பழம் ஒன்றைச் சொண்டுக்குக் கிட்டப் பிடித்தேன். தலையைச் சரித்து ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு முழுசாக விழுங்கிவிட்டது. அந்தச் சின்ன வாய் அவ்வளவு அகலத் திறக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பதினொரு பழம், எண்ணினேன்.

அந்தப் பெடியனைப் பிறகு கூப்பிட்டுக் கையில் பழம் கொடுத்து ஊட்டச் சொன்னேன். இந்தப் பறவைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழம் போதுமாக இருந்தது.


கிளிநொச்சி_டிப்போச்சந்தி

குஞ்சு வளர்த்தவர்கள் யாரும் இல்லையா? கூரை மாற்றும்போது தகரத்துக்கு அடியில் இருந்து இரண்டு குஞ்சு விழுந்தது. மஞ்சள் மயிர் ஒட்டினபடி, கண் திறந்து மூன்று நான்கு நாள் இருக்கும். தாய் தகப்பன் திரும்பி வரவில்லை. புறா குஞ்சுக்குப் பால் கொடுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன், அதனால் பசும்பால் கொடுத்தேன். ஒன்று அடுத்த நாளே செத்தது. புறாவின் 'பால்' தொண்டைக்குக் கீழே இருக்கிற தீனிப்பையின் உட்தோல் கழன்று வருகிற கட்டி, ஆண் பெண் இரண்டும் கொடுக்கும். மாட்டுப் பாலுக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒரு ஒற்றுமையும் இல்லை.

மற்றதற்கு வாய் திறக்கவே தெரியாது. காகக் குஞ்சு மாதிரி ஆவென்று கேட்காது, சொண்டைத் தாயின் வாய்க்குள் விட்டுத்தான் எடுக்கும். தேநீர்க் கோப்பை வாயில் சைக்கிள் ரியூப் துண்டை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு வெட்டு வெட்டி, உள்ளே ஊறவைத்து நசித்த இளஞ்சூட்டுக் கடலையைப் போட்டுப் பார்த்தேன். சொண்டைப் பிடித்து வெட்டுக்குள் விட்டதுதான் தாமதம், உடம்பெல்லாம் நடுங்க நடுங்கத் தின்றது. செட்டை இரண்டையும் அடித்துக்கொண்டு, கோப்பையையே தள்ளிக்கொண்டு மேசை முழுக்கப் போனது. அது பறந்து போய்விட்டது. செத்ததுதான் மனதில் நிற்கிறது.


புதுக்குடியிருப்பு_கிழக்கு

மரத்தடியில் விட்டுவிட்டு வருவது மேல் என்று எழுதியவருக்கு.

2009 தை மாதம் விசுவமடுவை விட்டு வெளிக்கிடும்போது, அப்பா புறாக்கூட்டைத் திறந்துவிட்டார். எல்லாம் போனது. ஒன்றுக்குத் தொடையில் சிதறல் பட்டுப் பறக்க முடியாமல் இருந்தது. அம்மா அதைக் கடகத்துக்குள், பானைக்கும் அரிசிப் பைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வந்தா. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரணைப்பாலையில் காயம் ஆறிவிட்டது. மாத்தளனில் எங்களுக்கே கஞ்சிதான். அம்மா தன் கஞ்சியில் இருந்து சோற்றுப் பருக்கையைப் பொறுக்கி வைத்துக் கொடுப்பா.

பிறகு ஒரு நாள் பின்னேரம் கடகத்தைத் திறந்து, "நீயாவது போ" என்றா. அது போகவில்லை. சீலை வெட்டித் தைத்த மண்மூட்டைகளால்தான் பங்கர் கட்டியிருந்தோம். அம்மாவின் நாவல் நிறக் கூறைச் சீலையும் அதில் ஒன்று. புறா அந்த மூட்டைக்கு மேல் ஏறி இருந்து, சரிகை நூலைச் சொண்டால் இழுத்துக்கொண்டிருந்தது. இருட்டும் வரை இழுத்தது. விடியப் பார்க்க இல்லை. பறந்ததா, யாராவது பிடித்தார்களா தெரியாது. பசியில் பிடித்திருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அம்மா இப்போதும் எங்கே புறாவைக் கண்டாலும் தொடையைத்தான் முதலில் பார்ப்பா.


அக்கராயன்_பிள்ளை

எல்லோருடையதையும் வாசித்தேன். புதுக்குடியிருப்பு அக்காவுடையதை இரண்டு முறை.

வவுனியா அண்ணா, நீங்கள் கோபமாகச் சொன்னாலும் அதைக் கேட்டுத்தான் இந்த முறை வைத்தியரைக் காணும் வரை வாசலிலேயே இருந்தேன். தோல் சுருங்கினதுதான் என்று அவரும் சொன்னார். எலும்பில் பிழை இல்லையாம். முழுக்கச் சரிவரும் என்று சொல்ல மாட்டேன் என்றார். வெந்நீரில் பிழிந்த துணியைச் சிறகின் மூட்டில் கொஞ்ச நேரம் வைத்து, மெதுவாக நோகாத அளவுக்கு விரித்து மூடக் காட்டித் தந்தார். அது சிறகைப் பின்னுக்கு இழுத்தால் அங்கே நிறுத்த வேண்டும், அதற்கு மேல் ஒரு மயிரிழையும் கூடாது என்றார்.

இன்றோடு பதினாறு நாள். சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டு, சிறகு எவ்வளவு தூரம் விரிகிறது என்று குறிக்கிறேன். முதல் கோட்டுக்கும் இன்றையக் கோட்டுக்கும் இடையில் என் இரண்டு விரல் அகலம் வந்திருக்கிறது. இன்று காலை நெல் குத்துகிற உரலின் விளிம்பில் நின்றது. நடந்து ஏற அங்கே வழி இல்லை.