கேமரா டெண்டர்: குடும்பக் குழுவில் ஒரு மாலை

*முரளி (கோவை):* பெரியப்பா, மத்திய அரசு அலுவலகம் ஒன்று ஜெம் என்ற அரசுக் கொள்முதல் இணையதளத்தில் சிசிடிவி கேமராக்களுக்கு டெண்டர் விட்டிருக்கிறது, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. சிறு நிறுவனமாகப் பதிவு செய்த உத்யம் சான்றிதழ் கையில் இருப்பதால் ஈஎம்டி என்ற டெண்டர் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை என்றும், விலை சற்றுக் கூடினாலும் சிறு நிறுவனம் என்ற முறையில் முன்னுரிமை கிடைக்கும் என்றும் நினைக்கிறேன். போடலாமா?

*பெரியப்பா:* அவசரப்படாதே, தம்பி. சான்றிதழில் உன் தொழில் உற்பத்தி என்று இருக்கிறதா, வணிகம் என்று இருக்கிறதா?

*முரளி (கோவை):* வணிகம்தான் பெரியப்பா. கம்பெனியிடம் வாங்கி விற்கிறேன், பொருத்தியும் கொடுக்கிறேன்.

*பெரியப்பா:* அப்படியானால் அந்தச் சலுகையை நம்பி விலை போடாதே. 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி, மிகக் குறைந்த விலையைவிட 15 சதவீதம் வரை கூடுதலாகக் கேட்ட சிறு நிறுவனம், அந்தக் குறைந்த விலைக்கு (எல்-1 என்பார்கள்) இறங்கி வரச் சம்மதித்தால் ஆர்டரில் ஒரு பங்கைப் பெறலாம் என்பது உண்மை. ஆனால் அது உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் உரியது. வணிகர்களை 2021 ஜூலையில் உத்யமில் சேர்த்தபோது, வங்கிகள் சில துறைகளுக்கென ஒதுக்கித் தரும் முன்னுரிமைத் துறைக் கடன் என்ற ஒரே கதவைத்தான் திறந்தார்கள்.

*செல்வி அக்கா:* முரளி, ஒரு ஆடிட்டராக நானும் ஒன்றைச் சேர்த்துக் கொள்கிறேன். 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் வட்டி கேட்கலாம் என்ற சட்டப் பாதுகாப்பும் வணிகருக்கு எட்டுவதில்லை. முன்பு ஒரு அலுவலகம் உன் பில்லை மாதக்கணக்கில் இழுத்தடித்ததே, அப்போது நீ புகார் கொடுத்திருந்தாலும் நிற்காது. ஆகவே அந்தத் தாமதத்தையும் விலையில் ஏற்றிக் கணக்குப் போடு.

*முரளி (கோவை):* சரி அக்கா. குடோனில் பழைய மாடல் கேமராக்கள் நிறைய இருக்கின்றன, அவற்றைத் தள்ளிவிட்டால் போதும் என்றுதான் பார்த்தேன்.

*பெரியப்பா:* அங்கேதான் பெரிய சிக்கல். 2024 ஏப்ரல் 9 அன்று மின்னணு அமைச்சகம் கேமராக்களுக்குப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. அக்டோபரில் நடைமுறைக்கு வர வேண்டியது, 2025 ஏப்ரல் 9 வரை தள்ளிப்போனது. வெளிக்கூட்டை எளிதில் திறக்க முடியாமல் இருப்பது, தகவலை மறையாக்கம் செய்து அனுப்புவது, உள்ளே ஓடும் மென்பொருளின் பாதுகாப்பு என எல்லாவற்றையும் அரசு அங்கீகரித்த ஆய்வகம் சோதித்துச் சான்று தர வேண்டும். அதுவும் கம்பெனிக்கு ஒன்று என்றில்லை, மாடலுக்கு மாடல் பார்க்கிறார்கள். அரசு அலுவலகங்களில் சீன நிறுவனங்களின் கேமராக்கள் 10 லட்சம் இருக்கின்றன என்று 2021இல் நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். அதைப் பார்க்கும்போது விதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சோதனை தாமதமானால் வட்டி கட்டிச் சரக்கைப் பூட்டி வைப்பவன் உன்னைப் போன்ற கடைசி ஆள்தான், அதை எந்த அறிவிக்கையும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

*சித்தி:* சீனப் பொருளே கூடாது என்று 2020இலேயே சட்டம் வந்துவிட்டதாகச் சொன்னார்களே?

*பெரியப்பா:* இல்லை அம்மா. 2020 ஜூலை 23 அன்று வந்தது பொது நிதி விதி 144(xi)இன் கீழான ஆணை. நம்மோடு தரை எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாட்டைச் சேர்ந்த நிறுவனம், முன்கூட்டிப் பதிவு செய்யாமல் டெண்டரில் கலந்துகொள்ள முடியாது என்றுதான் அது சொல்கிறது. கேமராவின் மதிப்பில் எவ்வளவு பங்கு உள்நாட்டில் உருவானது என்பதை மேக் இன் இந்தியா ஆணை கேட்கிறது: உள்நாட்டு மதிப்பு 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் வகுப்பு விற்பனையாளர், 20 சதவீதத்துக்கு மேல் 50க்குள் இருந்தால் இரண்டாம் வகுப்பு. முரளி, கம்பெனிக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி அந்த மதிப்புக்கான உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிடாதே. பொய் என்று தெரிந்தால் அரசு டெண்டர்களில் இரண்டு ஆண்டு வரை தடை விழும், அது உன் பெயரில்தான் விழும்.

*முரளி (கோவை):* இப்போதுதான் டீலரிடம் பேசினேன். குழாய் வடிவ புல்லட் மாடலுக்குச் சான்று இருக்கிறது, கூரையில் பொருத்தும் அரைக்கோள வடிவ டோம் மாடலுக்கு இன்னும் வரவில்லையாம். டெண்டரிலோ இரண்டும் கேட்டிருக்கிறார்கள்.

*செல்வி அக்கா:* டோமுக்குச் சான்றுள்ள வேறு கம்பெனியைப் பார். உள்நாட்டு மதிப்புக் கடிதத்தை இரண்டு கம்பெனியிடமும் எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்பு.

*முரளி (கோவை):* நாளைக் காலையில் கேட்கிறேன் அக்கா. வியாழக்கிழமைக்குள் கடிதம் வராவிட்டால் இந்த டெண்டரை விட்டுவிடுகிறேன்.