மறு: ஸோன் டிஃபென்ஸ் – ‘பாத்தி’ என்று சொல்லிப் பார்ப்போமா?

வணக்கம் நண்பர்களே.

ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்ளாமல் ஆளுக்கோர் இடமாகப் பிரித்துக் காக்கும் ‘ஸோன் டிஃபென்ஸ்’ முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று இங்கே பேசி வருகிறோம். ‘மண்டலத் தற்காப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம், அகராதிக்குப் பொருந்துகிறது என்று ஈப்போ நண்பர் எழுதியிருந்தார். அகராதிக்குப் பொருந்துகிறது, சரி. ஆனால் இதை யாரும் அகராதியில் தேடப் போவதில்லை, திடலில் கத்தப் போகிறார்கள்.

பினாங்கில் நாங்கள் அல்டிமேட் (பறக்கும் தட்டை எறிந்து பிடித்து ஆடும் ஆட்டம்) ஆடும் திடல் கடலை ஒட்டியது. சாயங்காலம் காற்று எழுந்துவிட்டால் 175 கிராம் தட்டு சொன்ன பேச்சைக் கேட்காது, எதிர்க்காற்றில் நீளமாக எறிவது வீண். அப்படிப்பட்ட நாளில்தான் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு ஓடுவதை விட்டுவிட்டு ஏழு பேரும் இடம் பிரித்து நிற்பது பலன் தரும். மூன்று பேர் எறிபவருக்கு முன்னால் வளைவாக நின்று கிட்டத்து எறிகளை அடைப்பார்கள், அவர்களுக்குப் பின்னால் நடுவில் ஒருவர், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொருவர், கடைசி ஆள் தூரத்து எறிக்காகப் பின்னால். முன்னே போக வழியில்லாமல் எதிரணி பக்கவாட்டிலேயே தட்டை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் காற்றில் அத்தனை முறை பிடிக்கும்போது எங்காவது ஒன்று நழுவும்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். இடது ஓரத்தில் நின்ற பெண், தன் பக்கம் வந்த எதிரணிப் பையன் குறுக்கே ஓடியதும் அவன் பின்னாலேயே ஓடிவிட்டாள். நான் “மண்டலத் தற்காப்பு! மண்டலத்...” என்று கத்தி முடிப்பதற்குள் தட்டு அவள் விட்டுப்போன இடத்தில் இறங்கிவிட்டது. எறிபவருக்கு மொத்தமே 10 நொடிதான், அதில் இவ்வளவு நீளமான சொல்லுக்கு இடமில்லை. அப்புறம் அவளிடம் கேட்டேன், மண்டலம் என்றால் உனக்கு என்ன தோன்றுகிறது என்று. “தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருப்பாங்களே, அதுவா சார்?” என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. நாம் காதில் கேட்கும் மண்டலம் அதுதான்; இல்லையென்றால் கொங்கு மண்டலம், தொண்டை மண்டலம் மாதிரி ஒரு நாட்டளவு நிலம். 37 மீட்டர் அகலத் திடலில் ஒருத்தி காக்கும் ஓரத்துக்கு அது மிகப் பெரிய சட்டை.

மற்ற சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். ‘பகுதித் தற்காப்பு’ என்றால் அரைகுறைத் தற்காப்பு என்றும் பொருள் வருகிறது. ‘இடக்காப்பு’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது, ஆனால் இடக்கை என்று சொல்லிப் பழகிய காதுக்கு அது இடது பக்கக் காப்பு என்றே விழுகிறது. ‘முற்றுகை’ ஆட்டத்துக்கே விரோதம், ஏனென்றால் எறிபவரிடமிருந்து 3 மீட்டருக்குள் அவரை மறிக்கும் ஒருவர் மட்டும்தான் நிற்கலாம். மற்றவர் நெருங்க வேண்டுமென்றால் பக்கத்தில் வேறு எதிரணி ஆளைக் காத்துக்கொண்டிருக்க வேண்டும்.

என் பரிந்துரை ‘பாத்தி’. முழுப்பெயர் பாத்திக் காவல், எதிர்ச்சொல் ஆள் காவல். திடலில் “பாத்தி!”, “ஆள்!” அவ்வளவுதான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த கீரைப் பாத்தி நினைவிருக்கும், பிள்ளைகளுக்குக் கேமரன் மலையில் பார்த்த காய்கறிப் பாத்தி போதும். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: பாத்தியைக் காப்பவர் வெறும் மண்ணைக் காப்பதில்லை, அதற்குள் எது நுழைகிறது என்று பார்க்கிறார். புதிதாக ஆடுபவர்கள் செய்யும் பெரிய தவறே அதுதான், இடத்தைக் காக்கச் சொன்னால் காலியிடத்தில் சும்மா நிற்பார்கள். “உன் பாத்திக்குள்ள யார் வந்தாலும் அவன் உன் ஆள், தாண்டிட்டா பக்கத்துப் பாத்திக்காரன் பார்த்துக்குவான்” என்று சொன்னேன், அதே பெண் அடுத்த வாரம் அந்த ஓரத்தை விட்டு அசையவில்லை.

தற்காப்பு வேண்டாம், காவல் போதும் என்பதற்கும் காரணம் உண்டு. மலேசியாவில் நமக்குத் தற்காப்பு அமைச்சர், தமிழ்நாட்டாருக்குப் பாதுகாப்பு அமைச்சர். பந்தாட்டத்தில் அவர்கள் தடுப்பாட்டம் என்கிறார்கள். காவல் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

முன்னால் வளைந்து நிற்கும் மூவருக்குக் ‘கிண்ணம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வடிவம் சரி, ஆனால் இங்கே கிண்ணம் என்றால் மலேசியக் கிண்ணம், உலகக் கிண்ணம், அதாவது பரிசு. ‘வரப்பு’ என்போமே. மறிப்பவர் ஒரு பக்கத்தை அடைத்து மறுபக்கமாக மட்டும் எறிய விடுகிறாரே, அந்தத் திறந்த பக்கம் ‘மடை’. தண்ணீரை நாம் விரும்பும் பக்கம் போக விடுவது மாதிரிதான் அதுவும். “மடை வலது!” என்றால் எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. இதற்கு மேல் வயலை இழுக்க வேண்டாம், நாற்று நடவு என்று போனால் சொல் கெட்டுவிடும்.

பேச்சில் “பாத்தியா?” என்று கேட்பதோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். நானும் பயந்தேன். மூன்று வாரமாகக் கத்திப் பார்த்ததில் குழப்பம் வரவில்லை, ஆட்ட நடுவில் யாரும் யாரையும் பார்த்தியா என்று கேட்டு நிற்பதில்லை.

எனக்கு இன்னும் சிக்கலாக இருப்பது, சில எறிகளுக்குப் பிறகு பாத்தியை விட்டு எல்லாரும் சட்டென்று ஆளைப் பிடிக்கும் அந்த மாற்றம். ‘பாத்தி கலைத்தல்’ என்று எழுதலாம், திடலில் “கலை!”. ஆனால் அதைக் கேட்டதும் யார் எந்த ஆளிடம் போவது என்று சொல்லிலிருந்து தெரியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை “கலை” என்றும் வெறும் “ஆள்” என்றும் இரண்டையும் மாற்றி மாற்றிக் கத்திப் பார்க்கப் போகிறோம். கோலாலம்பூரில் ஆடுபவர்களும் முடிந்தால் செய்து பார்த்து எழுதுங்கள்.