3சி 273 ஜெட் ஒளியை முந்துதா? காரைக்குடியில இருந்து ஒரு டவுட்டு

தேவகோட்டைவாசி:
வணக்கம். காரைக்குடியில ப்ளஸ் டூ பசங்களுக்கு ஃபிசிக்ஸ் டியூசன் எடுக்கறேன். நேத்து ஒரு பய 3சி 273ங்கற குவாசாரோட (ரொம்ப தூரத்து கேலக்ஸியோட பிரகாசமான மையம்) ரேடியோ படங்களைக் கொண்டாந்து, 1977க்கும் 1980க்கும் நடுவுல, அதுல இருந்து பீய்ச்சி அடிக்கற ஜெட்ல இருக்கற இந்தக் கட்டி 25 ஒளியாண்டு நகந்துருக்கு சார்னான். வகுத்துப் பாத்தா ஒளியைப் போல எட்டு மடங்கு. ஐன்ஸ்டைன் தப்பாங்கறான், எனக்கு வாய் அடைச்சுப் போச்சு.

பள்ளத்தூரான்:
தப்பில்லண்ணே. அந்தக் கட்டி பக்கவாட்டுல மட்டும் போகல, முக்காவாசி நம்மள நோக்கியே வருது. பழனியில இருந்து அப்பச்சி நடந்தே திரும்பி வர்றாகன்னு வச்சுக்கங்க, கெளம்பும்போது ஒரு ஆள்கிட்ட லெட்டர் குடுத்து விடறாக, நத்தம் வந்ததும் இன்னொரு ஆள்கிட்ட ஒண்ணு, அந்த ஆளுகளும் நடைதான், அப்பச்சிய விட கொஞ்சம் வேகம் கூட, அம்புட்டுத்தான். நத்தம் லெட்டர் பழனி லெட்டருக்குப் பின்னாடியே வீட்டுக்கு வந்துரும். லெட்டர் வந்த நேரத்தை மட்டும் வச்சுக் கணக்குப் போட்டா, அப்பச்சி பறந்து வந்த மாதிரில்ல ஆச்சிக்குத் தோணும்.

பசங்களுக்கு இப்படிப் போட்டுக் காட்டுங்க: கட்டி 0.99 ஒளிவேகத்துல 5 ஒளியாண்டு போகுது, ஆகற நேரம் 5.05 வருசம். அதுல நம்ம பக்கமா 4, குறுக்க 3. கடைசியில கெளம்பற ரெண்டாவது ஒளிக்கு, நத்தம் லெட்டர் மாதிரி, 4 ஒளியாண்டு பயணம் கம்மி, அதனால நமக்குத் தெரியற இடைவெளி 1.05 வருசந்தான். 3ஐ அதால வகுங்க, 2.86 மடங்கு வருது! எட்டு மடங்கு தெரியணும்னா நெசவேகம் குறைஞ்சது 99.2 சதவீதம் இருக்கணும், கோணமும் இன்னும் ரொம்ப சின்னதா இருக்கணும்.

கானாடுகாத்தான் ஆச்சி:
இதை மார்ட்டின் ரீஸ்ங்கற வானியலாளர் 1966லயே கணக்குப் போட்டுச் சொல்லிட்டாரு தம்பி, கண்ணுல பட்டது 1970கள் தொடக்கத்துலதான், அதை அந்தப் பயகிட்ட கட்டாயம் சொல்லுங்க. குவாசார் அம்புட்டு தூரத்துல இல்ல, தூரக்கணக்குதான் தப்புன்னு அப்ப சிலபேரு வாதாடுனாக. 1994ல நம்ம பால்வீதிக்குள்ளயே ஜிஆர்எஸ் 1915+105ங்கற கருந்துளையோட ஜெட்லயும் ஒளியை முந்தற மாதிரி தெரிஞ்சுது. இது பக்கத்துல இருக்கறது, தூரத்து மேல பழி போட முடியாதுல்ல.

தேவகோட்டைவாசி:
லெட்டர் கணக்கு சட்டுனு பிடிபட்டுச்சு, ரொம்ப நன்றி ஆச்சி, தம்பி. ஒண்ணே ஒண்ணு, படத்துல ஒரு பக்கம் மட்டுந்தான் ஜெட் இருக்கு, எதிர்ப்பக்கம் இல்லியா?

பள்ளத்தூரான்:
இருக்கும்ணே. அம்புட்டு வேகத்துல நம்மள நோக்கி வர்றதோட ஒளி முன்பக்கமா குவிஞ்சு பல மடங்கு பிரகாசமாயிரும், விலகிப் போறது மங்கிரும்.