கருத்தடைக்கு முன் நாய்க்கு இரத்தப் பரிசோதனை அவசியமா?

கேள்வி:
எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறைப் பெண் நாய்க்கு ஆறு வயதாகிறது. இரண்டு முறை குட்டி போட்டுவிட்டதால் கருத்தடை செய்துவிட முடிவெடுத்தோம். அறுவைக்கு முன் இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை எடுத்துவருமாறு மருத்துவர் சொல்லியிருக்கிறார். வேளை தவறாமல் சாப்பிட்டு, ஓடியாடித் திரிகிற நாய்க்கு இவை தேவைதானா? மயக்க மருந்து என்றாலே எனக்குப் பயமாகவும் இருக்கிறது.

மறுமொழி 1:
கட்டாயம் எடுங்கள். எங்கள் நாட்டு நாயும் முந்தின நாள் மாலை வரை பந்தைத் துரத்திக்கொண்டுதான் இருந்தது. பரிசோதனையில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 40,000 என்று வந்தன. நாய்களுக்குச் சாதாரணமாக ஏறத்தாழ 2 லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இயந்திரக் கணக்கை மட்டும் நம்பாமல், கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியிலும் பார்த்து உறுதிசெய்தார்கள். எர்லிக்கியா என்ற கிருமியால் வரும் உண்ணிக் காய்ச்சல்தான் காரணம். வீட்டுக்கு வந்து தேடியபோது, காது மடிப்புக்குள் உளுந்தளவில் ஒரே ஓர் உண்ணி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் வயிற்றைத் திறந்திருந்தால் இரத்தப்போக்கை நிறுத்துவதே பெரும்பாடாகியிருக்கும் என்றார் மருத்துவர். 28 நாள் டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து, மறுபடி இரத்தம் பார்த்த பிறகே அறுவை நடந்தது.

மறுமொழி 2:
நான் கால்நடை மருத்துவர். மயக்க மருந்துகளில் பல கல்லீரலில் சிதைந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், அவ்விரண்டின் நிலை தெரியாமல் மருந்தையும் அளவையும் தீர்மானிப்பது சரியன்று. உங்கள் நாயைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. கொழுப்புக் குறைந்த கிரேஹவுண்டு போன்ற வேட்டை நாய்களுக்குத் தயோபென்டோன் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தால் மயக்கம் தெளிய நெடுநேரமாகும். சிப்பிப்பாறைக்கும் அதே உடல்வாகு என்பதால், எந்த மருந்து தரப்போகிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். அன்று காலையில் எடை போடச் சொல்லுங்கள். முந்தின இரவுக்குப் பிறகு உணவு வேண்டாம். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்பதை உங்கள் மருத்துவரே சொல்வார். வீட்டில் யாராவது பரிதாபப்பட்டு ஒரு பிஸ்கட் கொடுத்திருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கடைசியாகப் பருவத்துக்கு வந்தது எப்போது?

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பருவம் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. இதை நான் மருத்துவரிடம் சொல்லவே இல்லை. இன்று சொன்னதும், கருப்பையில் இரத்த ஓட்டம் அதிகமாக இருக்கும் நேரம் என்று அறுவையை இரண்டு மாதம் தள்ளிவைத்திருக்கிறார். இரத்தம் நாளைக் காலை எடுக்கிறோம்.